என் பங்குத் தண்ணீர்

நீங்களும் ஸ்கேனுக்குத் தண்ணி குடிக்கிற கேஸா தம்பி? கையில் பாட்டிலைப் பார்த்ததுமே நினைத்தேன். உட்காருங்க. காலை மட்டும் ஆட்டாதீங்க, ஆட்டினால் சீக்கிரம் முட்டும். முட்டினாலும் உடனே கூப்பிட்டுவிட மாட்டார்கள். "நல்லா முட்டினதும் சொல்லுங்க தாத்தா" என்று அந்தப் பச்சை உடுப்பு சிஸ்டர் சொல்லும். முட்டிவிட்டது தாயி என்று போய் நின்றால், "இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, அடக்கிக்கிட்டு உட்காருங்க" என்று சொல்லும். குடி என்றும் சொல்வார்கள், விடாதே என்றும் சொல்வார்கள். தெரியாத்தனமாக ஒன்றுக்குப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். ஜெயிலில்கூட இந்தத் தண்டனை கிடையாது.

எனக்கு இது இரண்டாவது பாட்டில். முதல் பாட்டில் என்ன ஆனது என்று கேட்காதீங்க. நானே சொல்கிறேன். நான் சொல்லாமல் இருக்க மாட்டேன், அது எனக்கு ஒரு வியாதி. ஸ்கேனில் அதுமட்டும் தெரியாது.

என் பெயர் சீரங்கன். பஸ் டிரைவர். ரிட்டையராகி ரொம்ப வருசம் ஆகிவிட்டது, ஆனாலும் மெயின் ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டால் வலது கால் பிரேக்கைத் தேடும். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் மலைக்கு ஓட்டினவன் நான். மலை ரூட்டில் ஓட்டுகிறவன் தண்ணி குடிக்க மாட்டான் தம்பி. குடித்தால் எங்கே நிறுத்துவான்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் அறுபது பேர், அதில் பாதிப் பேர் வாந்தி. காலையில் ஒரு டீ. அதோடு சரி. கையில் இருக்கிற தண்ணி எல்லாம் வண்டிக்குத்தான்.

ஒரு தடவை டம் டம் பாறைக்கு மேலே ரேடியேட்டர் காய்ந்து வண்டி நின்றுவிட்டது. ஆளுக்கு ஒரு வாய் கொடுங்கய்யா என்று கேட்டேன். கல்யாணக் கோஷ்டி ஒன்று பன்னீர்ச் சொம்பையே கவிழ்த்தது. ஒரு அம்மா மகளுக்குக் கொண்டுபோன மிளகு ரசத்தை ஊற்றியது. கொடைக்கானல் போகிற வரைக்கும் வண்டி மணந்துகொண்டே ஏறியது. பின்னால் வந்த லாரிக்காரனுக்கு அந்தப் புகையில் நாலு நாள் சளி விட்டுவிட்டது. சிரிக்காதீங்க, முட்டும்.

அப்படியே ஓட்டி ஓட்டி உடம்பு பழகிவிட்டது. ஒட்டகம் என்னைப் பார்த்தால் அண்ணே என்று கூப்பிடும். என்னைக் கடித்த கொசு விக்கல் எடுத்துச் செத்தது. என் கண்ணால் பார்த்தேன்.

இப்படி இருந்தவனை நடக்க விட்டார்கள். அதுதான் வினை. சர்க்கரை எட்டிப் பார்க்குது, தினம் ஒரு மணி நேரம் நடங்க என்றார் டாக்டர். சரி என்று பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். அங்கே செபாஸ்டின் வாத்தியார் என்று ஒருத்தர், பி.டி. மாஸ்டராக இருந்தவர், இப்போதும் கழுத்தில் விசில் இல்லாமல் வீட்டைவிட்டு வர மாட்டார். தம்பி, நான் உண்மையைச் சொல்கிறேன், வீட்டில் எனக்குப் பேச ஆள் கிடையாது. மருமகளும் பேரப்பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். மகன் திருப்பூரில், வாரம் ஒரு தடவை வருவான். பெருமாயி, அதுதான் என் வீட்டுக்காரி, என் கதையெல்லாம் கேட்டு முடித்து நாற்பது வருசம் ஆகிறது. மைதானத்தில்தான் எனக்குக் கூட்டம். பன்னீர் ரேடியேட்டர் கதைக்கு அங்கே கைதட்டல் விழும்.

நடந்தால் எவ்வளவு தண்ணி குடிக்கணும் என்று அங்கே தினம் ஒரு வழக்கு ஓடும். ஒருத்தர் எட்டு டம்ளர் என்பார். ஒருத்தர் வெறும் வயிற்றில் வெந்நீர்தான் என்பார். செபாஸ்டின் வாத்தியார், "தாகம் எடுத்தப்புறம் குடிக்கிறவன் லேட்டா வந்தவன்டா. போறதுக்கு முன்னால கொஞ்சம், நடுவுல கொஞ்சம், வந்து கொஞ்சம். ஒண்ணுக்குப் போற கலர் வெளுப்பா இருந்தா சரி, மஞ்சளா இருந்தா இன்னும் குடி" என்பார். "டிரைவரே, உமக்கு என்ன கலரு?" என்று கேட்டார். டீசல் கலர் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பங்குனி வெயில். காலை ஏழு மணிக்கே தலையில் தோசை வார்க்கலாம். மூன்றாவது சுற்றில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, கண் இருட்டியது, விழுந்துவிட்டேன். வாத்தியார் விசில் ஊதி ஆட்டோவை நிறுத்தி வீட்டில் கொண்டுவந்து போட்டார். போட்டவர் சும்மா போனாரா? "இந்த ஆளு சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்லம்மா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

என் மருமகள் யோகேஸ்வரி கணக்கு டீச்சர். அதைச் சொன்னேனா? அன்றைக்கே கணக்குப் போட்டது. "உங்க எடை எழுபது கிலோ மாமா. கிலோவுக்கு முப்பத்தஞ்சு மில்லி. நடக்கிற ஒரு மணி நேரத்துக்குக் கூட அரை லிட்டர். கூட்டினா மூணு லிட்டர் வருது." கிழவனை எடைக்கு எடை தண்ணியில் நிறுத்துவிட்டது. மூன்று பாட்டில் வாங்கி, ஒவ்வொன்றிலும் பேனாவால் கோடு போட்டு, இந்தக் கோட்டுக்கு இந்த நேரம் என்று எழுதி ஒட்டியது. அதோடு விட்டதா? "நேத்து பாட்டில் மூணும் காலியா இருந்தாத்தான் இன்னைக்கு கேட் சாவி. இன்னொரு தடவை நீங்க மைதானத்துல விழுந்தா உங்க மகனுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றது. பஸ்ஸையே ஓட்டினவனுக்கு வீட்டு கேட் சாவி கிடையாது. எப்படி இருக்கும் பாருங்க.

அதே சமயத்தில்தான் பெருமாயிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதய பம்ப் வீக்காம். அந்த டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. காபி, மோர், ரசம் எல்லாம் அதில் அடக்கம்.

ஒரே வீட்டில் ஒருத்தருக்கு மூன்று, ஒருத்தருக்கு ஒன்று. ரெண்டையும் கூட்டி ரெண்டால் வகுத்து ஆளுக்கு ரெண்டு என்று வைத்துக்கொள்வோமே தாயி என்றேன். கணக்கு டீச்சருக்குச் சிரிப்பே வரவில்லை.

நான் குடிக்க உட்காருவேன். பெருமாயி எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். முறைக்க மாட்டாள். டிவி பார்க்கிற மாதிரி என் தொண்டையைப் பார்ப்பாள். என் தொண்டை அசைந்தால் அவள் தொண்டையும் அசையும். எனக்கு இறங்காது தம்பி. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, எனக்குச் சின்ன வயசிலிருந்தே யாராவது பார்த்தால் தண்ணி இறங்காது. பஸ் ஸ்டாண்டில்கூடத் திரும்பி நின்றுதான் டீ குடிப்பேன்.

அதனால் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன். பத்தே நாளில் அது மாடி வீட்டு ஜன்னலைத் தொட்டது. மாடி வீட்டுக்காரம்மா படுக்கையில் இருந்தபடியே கை நீட்டிப் பறித்துத் தாளித்தது. இதைக் கண்டுபிடித்து யோகேஸ்வரி தொட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டது.

அப்புறம்தான் அதிசயம். பாட்டில்கள் தானாகவே காலியாக ஆரம்பித்தன. நான் வைத்தபடி இருக்கும். பேப்பர் படித்துவிட்டு வந்து பார்த்தால் ரெண்டு கோடு இறங்கியிருக்கும். வெயில் உறிஞ்சுகிறது என்று நினைத்தேன். மூடி போட்ட பாட்டிலில் எப்படி உறிஞ்சும் என்று கேட்கிறீங்க. உங்களுக்கு எங்க ஊர் வெயில் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் பாத்ரூமிலிருந்து வெளியே வருகிறேன், பெருமாயி என் பாட்டிலை அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருக்கிறாள். உதட்டில் படவில்லை. சத்தம் இல்லை. கண் மூடியிருக்கிறது. கோவிலில் தீபாராதனையின்போதுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை. என்னைப் பார்த்தாள். பயந்தாள் என்கிறீங்களா? மூடியைத் திருகி வைத்துவிட்டுச் சொன்னாள், "உங்களுக்கு வாக்கிங் போகணும். எனக்குத் தொண்டை நனையணும். ரெண்டு பேருக்கும் லாபந்தான?"

நாற்பத்தேழு வருசக் குடும்பத்தில் நாங்கள் ரெண்டு பேரும் பேச்சுவார்த்தையில் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான். யாருக்கு நட்டம், நீங்களே சொல்லுங்க? பாட்டில் காலி, கேட் சாவி என் கையில். அவள் முகத்தில் சிரிப்பு. யோகேஸ்வரிக்கும் சந்தோசம். "மாமா இப்பல்லாம் சமர்த்தா குடிக்கிறாங்க" என்று தெருவெல்லாம் சொன்னது. மைதானத்தில் நானே மூன்று லிட்டரின் மகிமையைப் பற்றிப் பேசினேன். நாலு பேர் என்னைப் பார்த்துக் குடிக்க ஆரம்பித்தார்கள். செபாஸ்டின் வாத்தியார் மட்டும் தூர நின்று, "கலரு?" என்று கேட்டார். பால் என்றேன்.

பெருமாயிக்குக் கால் கொஞ்சம் வீங்கியது உண்மைதான். புதுச் செருப்பு, அளவு சின்னது. படுத்தால் மூச்சு வாங்குது என்று மூன்று தலையணை அடுக்கி உட்கார்ந்தபடி தூங்கினாள். அது இலவம்பஞ்சுத் தலையணை, யாருக்கும் மூன்று வைக்கத் தோன்றும். விரலால் அமுக்கினால் காலில் குழி விழுந்தது. வயசானால் குழி விழாதா?

என் மகன் இதையெல்லாம் போனில் கேட்டுவிட்டுப் பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டான். "அளந்து குடுக்கறேன், அளந்து குடுக்கறேங்கற, பின்ன கால் எப்படிடி வீங்குது?" அது பாவம், புதுசாக ஒரு அளவு டம்ளர் வாங்கியது. ரசத்தை நிறுத்தியது. காபியைப் பாதியாக்கியது. அதனால் இவளுக்கு இன்னும் தாகம். அதனால் என் பாட்டில் இன்னும் சீக்கிரம் காலி. அதனால் இன்னும் வீக்கம். மகன் இன்னும் சத்தம் போட்டான். கொண்டை ஊசி வளைவில் எதிரெதிரே ரெண்டு பஸ் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் தெரியுமா? முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. ஆளுக்கு ஆள் ஹாரன் அடிப்பார்கள்.

நான் சொல்லியிருக்கலாமே என்கிறீங்க. முகத்திலேயே தெரியுது. சொன்னால் என்ன ஆகும்? எனக்கு மைதானம் போச்சு. அவளுக்குத் தொண்டை நனைகிறது போச்சு. பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் தம்பி, "எப்படியும் போற உசுரு, காஞ்ச வாயோட போக வேண்டாங்க" என்று. அப்புறம் எந்த வாயால் சொல்வேன்?

போன வாரம் எனக்கு இடுப்பில் பிடித்தது. கியர் விழாமல் ராடு உள்ளே குத்துகிற மாதிரி ஒரு வலி. கிட்னியில் கல்லாம். "தினம் மூணு லிட்டர் குடிக்கிறவருக்கு எப்படிங்க கல்லு?" என்று யோகேஸ்வரி அந்த டாக்டரிடம் சண்டைக்கே போனது. அவர் ஸ்கேனுக்கு எழுதிவிட்டார். பெருமாயிக்கும் ரெண்டு நாளாக மூச்சு ரொம்ப மோசம், அவளுக்கு எக்கோ, இருதயத்தைப் பார்க்கிற ஸ்கேன். ரெண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தது.

வந்ததும் சிஸ்டர் ஒரு லிட்டர் பாட்டிலை என் கையில் கொடுத்தது. யோகேஸ்வரி பில் போடப் போனது. பெருமாயி, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலியில்தான் இருந்தாள். முந்தானையால் மறைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டாள். மூச்சு வாங்க மூச்சு வாங்க, விட்டு விட்டுக் குடித்தாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டேன். காவல். "குடிச்சாச்சா தாத்தா?" ஆச்சு தாயி. உள்ளே போய்ப் படுத்தேன். டாக்டர் வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவித் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "மூத்திரப் பையில ஒண்ணுமே இல்லையே பெரியவரே, குடிச்சீங்களா இல்லையா?" குடிச்சேன் சார், எனக்கு உடம்பு சூடு, ஆவியாயிருக்கும் என்றேன். இன்னொரு பாட்டிலைக் கொடுத்து விரட்டிவிட்டார்.

இதுதான் அந்தப் பாட்டில். இன்னும் மூடி திறக்கவில்லை. அவள் எக்கோவுக்கு உள்ளே போயிருக்கிறாள். அவள் வந்தால்...

இருங்க தம்பி. கதவு திறக்குது. அந்த நீலப் புடவைதான் யோகேஸ்வரி. கையில் போன். மகன் கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது பாருங்க. இது சொல்கிற பதிலைக் கேளுங்க.

"நான் அளந்துதாங்க குடுத்தேன். பிள்ளை மேல சத்தியமா அளந்துதான் குடுத்தேன். நுரையீரல்ல தண்ணி கோர்த்திருக்காம், இன்னைக்கே சேர்க்கச் சொல்றாங்க. ஒரு லிட்டர்லயே இப்படின்னா இனிமே அரை லிட்டர்தான் குடுக்கணுமாம். நான் என்னங்க பண்றது? நான் கொல்லப் பாக்கறேன்னு சொல்றீங்களா? சரி. அத்தையைச் சேர்த்துட்டு நான் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நிலக்கோட்டைக்குப் போறேன். உங்க அம்மாவுக்கு நீங்களே வந்து அளங்க."

அரை லிட்டரா?

தம்பி, நீங்களும் கேட்டீங்கதானே? அரை லிட்டர் என்றுதானே சொன்னது? ஒரு லிட்டரில் நிறுத்தினபோதே அவள் உதடு வெடித்தது. அந்த டாக்டருக்கு அவள் குடித்தது ஒரு லிட்டர் என்றுதானே தெரியும். என் பாட்டில் அவர் கணக்கில் இல்லையே. யார் சொல்வது அவருக்கு?

யோகேஸ். ஏம்மா யோகேஸ், இங்க வா. அழாத. நான் சொல்றதைக் கேளு. உன் மேல தப்பு இல்ல. நீ குடுத்தது ஒரு லிட்டர்தான். மிச்சத்தை நான் குடுத்தேன். என் பாட்டில் தண்ணியெல்லாம் உங்க அத்தைதான் குடிச்சா. மூணு மாசமா.

"மாமா, கதை விடற நேரமா இது? என்னைக் காப்பாத்தணும்னு எதையாவது சொல்லாதீங்க. தினமும் உங்க பாட்டிலை நான்தான பாக்கறேன்."

பார்த்தீங்களா தம்பி. கொசு விக்கல் எடுத்ததை நம்பியது. இதை நம்ப மாட்டேன் என்கிறது.

சரி, என்னை நம்ப வேண்டாம். உள்ள போய் அந்த ஸ்கேன் டாக்டர்கிட்ட கேளு. ஒரு லிட்டர் குடிச்சேன்னு போய்ப் படுத்தவன் வயித்துல சொட்டுத் தண்ணி இல்ல. ஏன்னு கேளு. எனக்குக் கல்லு எப்படி வந்ததுன்னு நீதான சண்டை போட்ட? குடிச்சிருந்தா வருமா? இதோ அத்தையையே சக்கர நாற்காலியில கூட்டிட்டு வர்றாங்க பாரு. அவ முந்தானையைத் தொட்டுப் பாரு, இன்னும் ஈரமா இருக்கும்.

தொட்டுவிட்டது. பெருமாயி தலையைக் குனிந்துகொண்டாள். யோகேஸ்வரி என்னைப் பார்க்கிறது. திட்டினால்கூடப் பரவாயில்லை தம்பி. என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறது. கணக்கு விடை கிடைத்தவுடன் டீச்சர் முகம் இப்படியா இருக்கும்?

"சரி மாமா. அரை லிட்டரா குறைக்க வேண்டாம்னு டாக்டர்கிட்ட நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன். அத்தையைப் பாத்துக்குங்க."

உள்ளே போய்விட்டது. போனைத் துண்டிக்காமலே நாற்காலியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது, என் மகன் இன்னும் அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கிறான்.

பெருமாயி பேசுகிறாள். நீங்கள் கேட்காத மாதிரி இருங்க.

"சொல்லிட்டீங்கள்ல? மனசு ஆறுச்சா?"

ஆறல பெருமாயி.

"சரி, விடுங்க. அவ வர்றதுக்குள்ள அந்தப் பாட்டிலை இங்க குடுங்க. ஒரே ஒரு வாய். இனிமே கேக்க மாட்டேன்."

கை நீட்டுகிறாள் தம்பி. விரல் எல்லாம் வீங்கியிருக்கிறது, மோதிரம் சதைக்குள் புதைந்து கிடக்கிறது. அதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். தினமும் இந்தக் கைதான் எனக்குச் சோறு போட்டது, நான் பார்க்கவே இல்லை.

இந்த மூடியைக் கொஞ்சம் திருகிக் கொடுங்க.

அவளுக்கு இல்லை. எனக்கு.

நீ அந்தப் பக்கம் திரும்பிக்க பெருமாயி. திரும்ப மாட்டியா? பாரு, அப்ப நல்லாப் பாரு.

தம்பி, பாதி இறங்கிவிட்டது. அவள் கையை இன்னும் மடக்கவில்லை. இனிமேல் எங்கிட்டப் பேச்சுக் கொடுக்காதீங்க. மிச்சத்தையும் நான்தான் குடிக்கணும்.